வாசலிலிருந்து அறை வரை

“இதுவா கண்ணாடி? கடலுக்குள்ள குதிக்கறவங்க போடற மாதிரி இருக்கு!”

“கைய எடுடா. ஆஸ்பத்திரி சாமான். உடைஞ்சா என் தலையிலதான் விடியும்.”

அம்மா அதைச் சின்னவனிடமிருந்து பிடுங்கித் துடைத்தாள்.

அவள் நர்ஸ். பள்ளிக்கூடத்தில் போய்க் குடியின் ஆபத்தைப் பற்றிப் பேசிவிட்டு வா என்று ஆஸ்பத்திரியில் அனுப்புகிறார்கள். நாளைக் காலை. அதுவும் மகள் படிக்கிற வகுப்பில்.

எத்தனை அலறல் கேட்டாலும் ஊசி பிடித்த கை நடுங்காதவள், ஒரு வாரமாகக் கரும்பலகையை நினைத்து வியர்த்துக்கொண்டிருந்தாள்.

“ஈரல் படத்த மட்டும் காட்டாதம்மா. எல்லாரும் தூங்கிடுவாங்க” என்று மகள்தான் எச்சரித்திருந்தாள்.

அதனால்தான் இந்தக் கண்ணாடி. போட்டுக்கொண்டால், குடித்தவர் கண்ணுக்கு உலகம் எப்படித் தெரியுமோ அப்படித் தெரியும். தரை சாயும். ஒரு கதவு இரண்டாகும். நீட்டிய கை வேறு யாருடையதோபோல் எங்கோ போகும்.

வீட்டிலேயே ஒத்திகை. வாசல் கதவிலிருந்து புறப்பட்டு, எதிலும் இடிக்காமல், நடைவழியைத் தாண்டி, பிள்ளைகளின் அறைக்குப் போய்ச் சேர வேண்டும்.

சின்னவன் கொக்குபோல் காலைத் தூக்கித் தூக்கி வைத்து, செருப்பு அலமாரியோடு சேர்ந்து சரிந்தான்.

அப்பா பஸ் ஓட்டுநர். சீருடையைக்கூடக் கழற்றாமல் வந்து, “வளைவே இல்லாத ரோடு, இதுல என்ன பெரிய வித்தை?” என்று கிளம்பி, நேராகப் போய் ஃப்ரிட்ஜில் மோதினார். பிறகு அதனிடம் மரியாதையாக, “மன்னிச்சுக்கங்க” என்றார்.

அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

“உங்கள நம்பித்தான் ஊரே பஸ்ஸுல ஏறுது!”

அவளுக்கும் பேச வாயில்லை. பயிற்சியின்போது பெரிய டாக்டரைக் கட்டிப் பிடித்துக்கொண்டுதான் கீழே விழாமல் தப்பித்தாள். முதல் தடவை போடுகிறவர்கள் எல்லோரும் தடுமாறுவார்கள், அந்தத் தடுமாற்றம்தான் பாடம் என்று அங்கே சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

“பெரியவளே, நீ வா. நாளைக்கு முதல்ல உன்னத்தான் கூப்பிடப் போறேன்.”

“கூப்பிடு. ஆனா எல்லார் முன்னாடியும் கண்ணும்மான்னு மட்டும் கூப்பிட்டுடாத. மானம் போயிடும்.”

“சரி, கண்ணும்மா.”

மகள் முறைத்தாள். அம்மா அவள் முடியை ஒதுக்கி, காது மடங்காமல் பட்டையை மாட்டிவிட்டாள்.

மகள் வாசல் கதவருகே போய் நின்றாள்.

முதலில் குனிந்து, வீட்டுச் செருப்பைக் கழற்றி ஒரு கையில் பிடித்துக்கொண்டாள். அப்படிச் செய்யும்படி யாரும் சொல்லவில்லை.

மறு கையின் புறங்கையைச் சுவரில் வைத்தாள். பாதத்தைத் தூக்கவில்லை. தரையோடு தேய்த்தபடி நகர்ந்தாள். கண்ணை அவள் நம்பவே இல்லை. சுவரைத்தான் நம்பினாள்.

அப்பா அம்மாவின் அறைக்கு வெளியே ஒரு கணம் நின்றாள். மூச்சை அடக்கிக்கொண்டு, உள்ளே ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று கவனிப்பவள்போல.

குளியலறைக்கு முன்னால் பெயர்ந்த தரைக்கல் ஒன்று மிதித்தால் சத்தம் போடும். அதை மட்டும் நீளமாக எட்டு வைத்துத் தாண்டினாள்.

பிள்ளைகளின் அறைக் கதவின் கைப்பிடியை லேசாக மேலே தூக்கித் திறந்தாள். எண்ணெய் போடுங்கள் என்று அம்மா மாதக்கணக்காகக் கத்திக்கொண்டிருக்கும் கதவு அது. சத்தமே இல்லாமல் திறந்தது.

“ஏமாத்தறா! கண்ணாடிக்குக் கீழ சந்து வழியா பாக்கறா!” என்று சின்னவன் குதித்தான்.

“என் ரத்தம்டா. ஓட்டுநர் ரத்தம்” என்றார் அப்பா.

“அப்ப ஃப்ரிட்ஜ இடிச்சது யாரு ரத்தம்பா?”

அம்மாவும் கை தட்டிக்கொண்டுதான் இருந்தாள். தட்டிக்கொண்டே மகளின் கையிலிருந்த செருப்பைப் பார்த்தாள். தட்டல் மெதுவானது. நின்றது.

வாரத்தில் பாதி இரவுகள் அவளுக்கு நைட் டூட்டி. முதல் பஸ்ஸை எடுக்க வேண்டிய கணவன் படுத்தால் கட்டை. தான் இல்லாத இரவுகளில் இந்த நடைவழி எப்படி இருக்கும் என்று அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை.

அம்மா பிள்ளைகளின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

மகள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியைக் கழற்றவில்லை. வெளியே கைதட்டல் ஓய்ந்தது அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும்.

அம்மா அவள் கையிலிருந்து செருப்பை வாங்கிக் கீழே வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வளர்கிற மூளையைப் பற்றி, ஒரு வாய்தானே என்கிற சிநேகிதர்களைப் பற்றி, வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்பதைப் பற்றி, எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். காய்ச்சல் பார்ப்பதுபோல மகளின் பின்கழுத்தில் உள்ளங்கையை வைத்தாள். அப்படியே எடுக்காமல் வைத்திருந்தாள்.

வெளியே சின்னவன் அப்பாவை மறுபடி நடக்கச் சொல்லி, கண்ணாடிக்குப் பதிலாக அவர் கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டிருந்தான். ஏதோ விழுந்தது. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

மகளின் கை காற்றில் கொஞ்சம் தவறி, பிறகு அம்மாவின் சட்டைக் கையைக் கண்டுபிடித்துப் பிடித்துக்கொண்டது. கண்ணாடியின் உட்புறம் மெல்ல மெல்லப் புகை மூடியதுபோல் ஆகிக்கொண்டிருந்தது.

“அம்மா.”

“ம்.”

“இன்னொரு தடவ நடக்கட்டுமாம்மா? இந்தத் தடவ ஒழுங்கா விழுந்துடறேன்.”