பவளத்தின் சீறல்

கண்ணாடிப் பெட்டிக்குள்ளே பவளம் என்றொரு வளர்ப்புப் பாம்பு இருந்தது. வளர்க்கிற செல்வின் எப்போது கையை உள்ளே விட்டாலும் அசையாமல் கிடக்கும். "எங்க பவளம் பரம சாது," என்று அவனும் போகிற இடமெல்லாம் சொல்வான். பயத்தில் உடம்பு விறைத்துப்போவது பவளத்துக்கு மட்டுந்தான் தெரியும்.

அதன் குட்டியோ, கையைக் கண்டாலே சீறியது.

"தாய் மாதிரி சாதுவா வரும்னு நெனச்சேன். நாளைக்கு இதை யாருக்காவது கொடுத்துடணும்," என்றான் செல்வின்.

அவன் போனதும் குட்டி கேட்டது: "அம்மா, நான் யாரை மாதிரி?"

"தெரியலையே கண்ணு. எனக்கும் உள்ளுக்குள்ள என்னவோ முட்டும். அது கோபமா, பயமா, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்."

"அதை ஒரு தடவை வெளியே விட்டுப் பாரேன்!"

மறுநாள் குட்டியை எடுக்கக் கை உள்ளே வந்தது. பவளம் தலையைத் தூக்கிச் சீறிய சீறலில் செல்வின் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"அட, தாயே இப்படின்னா குட்டி வேற எப்படி இருக்கும்? ரெண்டும் இங்கேயே கெடக்கட்டும்," என்று மூடியைப் போட்டுவிட்டுப் போனான்.

"அம்மா, நீ என்னை மாதிரி!" என்று குட்டி துள்ளியது.

பவளத்துக்கு ஒன்றும் புரியவில்லை. இந்தச் சீறல் தன்னிடமிருந்து பிள்ளைக்குப் போனதா, பிள்ளையிடமிருந்து தனக்கு வந்ததா? ஆண்டவனை நினைத்தபடி, நடுங்கிக்கொண்டே குட்டியைச் சுற்றிச் சுருண்டுகொண்டது.