தொழுவத்து நாற்றம்

“சனியனே, அசையாமக் கெடன்னு எத்தனை தடவ சொல்றது? இப்பத்தானே துடைச்சேன்.”

சபையின் கிறிஸ்துமஸ் பாட்டுக் குழு அந்த வீட்டு வாசலுக்கு வந்தபோது உள்ளேயிருந்து கேட்ட குரல் இது. குரலுக்கு முன்னாலேயே நாற்றம் வந்துவிட்டது. மூத்திரமும் ஆறாத புண்ணும் அலசாத துணியும் சேர்ந்து ஊறிய நாற்றம். கேக் பெட்டியை வைத்திருந்த ஆசிரியைக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

“மருமக போல. வாயைப் பாருங்க,” என்று அவள் தையல்காரியின் காதில் முணுமுணுத்தாள். “நல்ல நாளும் அதுவுமா, பெரியவங்கள இப்படியா பேசுறது?”

இந்தச் சந்துக்குள் போக வேண்டாம் என்றுதான் பிரசங்கியார் சொன்னார். சாக்கடை உடைந்து வழிகிறது, யாராவது வழுக்கி விழுவீர்கள் என்றார். கடைசி வீட்டில் ஒரு நோயாளி இருக்கிறாராம், தாண்டிப் போனால் நன்றாயிருக்காது என்று பிடிவாதம் பிடித்தது தையல்காரி. சபையில் சேர்ந்து சில மாதங்களே ஆன அவளுக்குப் பிரசங்கியாரின் பேச்சு என்றால் உயிர்.

சற்று முன்புகூடத் தெருமுனையில் நின்று அருமையாகப் பேசினார். மைக் இல்லாமலே மாடி வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். “ஆண்டவர் அரண்மனையில பொறக்கல. சாணிக்கும் மாட்டு மூத்திரத்துக்கும் நடுவுல பொறந்தார். அந்தத் தொழுவத்து நாத்தத்துக்கு மூக்கப் பொத்துறவன், அவரப் பாத்து மூக்கப் பொத்துறான். கிறிஸ்துமஸ் நமக்குச் சொல்ற முதல் பாடம் அதான்.” தையல்காரிக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டின் கம்பிக் கதவு திறக்க மறுத்தது. கிட்டார்காரர் தள்ளிப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார். பிரசங்கியார் அவரை விலக்கிவிட்டு, கதவை முழங்காலால் லேசாகத் தூக்கி உள்பக்கம் தள்ளினார். சத்தமில்லாமல் திறந்துகொண்டது.

அத்தோடு சரி. படியேறியவர் நிலைப்படியைத் தாண்டவில்லை. கைக்குட்டையை எடுத்து மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டார்.

உள்ளே ஒரே அறை. கட்டிலில் எலும்பும் தோலுமாக ஒரு முதியவர், இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்து கிடந்தார். முழங்கை வரை ஈரமாக இருந்த ஒருத்தி அவரைப் புரட்டிப் போட்டு முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தாள். திரும்பிய அவள் பார்வை பிரசங்கியார் மேல் விழுந்து, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

“யாரும்மா வந்திருக்கிறது?” என்று முதியவர் கேட்டார்.

“பாட்டுப் பாட வந்திருக்காங்க.”

வாசலில் நின்றபடியே பாடினார்கள். சீக்கிரம் கிளம்பும் அவசரத்தில் ஒரு சரணத்தை முழுசாக விழுங்கினார்கள். பிறகு பிரசங்கியார் நின்ற இடத்திலிருந்தே ஜெபித்தார். மாடி வரை எட்டிய குரல், கைக்குட்டைக்குள் சுருங்கிக் கட்டில் வரைகூடப் போகவில்லை.

“பக்கத்துல போய்த் தலையில கைய வச்சு ஜெபிக்கலாமே ஐயா,” என்றாள் தையல்காரி.

“கிருமி இருக்கும்மா. நாம இன்னும் எத்தனை வீட்டுக்குப் போகணும்? ஆசீர்வாதம் எங்க நின்னு சொன்னாலும் போய்ச் சேரும்.” சொல்லிக்கொண்டே படியிறங்கிவிட்டார்.

ஆசிரியை கேக் பெட்டியை நிலைப்படியில் வைத்தாள். குனிந்து உள்ளே தள்ள மனமில்லாமல், செருப்புக் காலால் நகர்த்திவிட்டுக் கிளம்பினாள்.

தையல்காரிக்கு அருவருப்பு தொண்டை வரை ஏறியது. அது நாற்றத்தால் வந்ததல்ல என்று அவளுக்கே தெரிந்தது. இந்த ஆளின் பேச்சுக்கா கண் கலங்கினோம் என்று நினைத்தபோது தன் மேலேயே குமட்டியது. அவள் கையும்தான் அதுவரை மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தது.

அவள் போகவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். “ஒரு பக்கம் நான் பிடிக்கிறேன். நீங்க விரிப்ப மாத்துங்க.”

இருவரும் தூக்கினார்கள். முதியவரின் உடம்பில் கனமே இல்லை. இடுப்புப் புண்ணைக் கண்டதும் தையல்காரி பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தாள். காய்ந்த விரிப்பில் கிடத்தியதும் முதியவர் அவள் விரலை ஒரு தடவை அழுத்தினார். அப்படியே கண்ணயர்ந்துவிட்டார்.

“மாமனாரா?” என்று கேட்டாள் தையல்காரி.

“அதெல்லாம் இல்லீங்க. நான் பக்கத்து வீடு. மீன் விக்கிறவளுக்கு நாத்தம் என்ன புதுசா?” அவள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். “வாய்க்கு வந்தபடி திட்டுவேன்தான். திட்டினாத்தான் மனுஷன் வாயத் திறந்து ரெண்டு வாய் சாப்பிடுறாரு.”

“பெத்த பிள்ளைங்க யாரும் இல்லையா?”

“ஒரே மகன். வசதியாத்தான் இருக்காரு. அப்பன் உயிரோட இருக்காருன்னு வெளிய சொல்லிக்கிறதில்ல.”

“சே. வந்து ஒரு தடவை எட்டிக்கூடப் பாக்க மாட்டானா?”

அடுத்த தெருவிலிருந்து கிட்டார் சத்தம் கேட்டது. அதற்கு மேலே பிரசங்கியாரின் குரல், மறுபடி பழைய கம்பீரத்தோடு. மீன்காரி தூங்குகிறவரை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“வருஷா வருஷம் தெருமுனையில பிரசங்கம் பண்ணிட்டு அப்படியே திரும்பிடுவாரு. இன்னிக்குத்தான் வாசப்படி வரைக்கும் வந்தாரு.”