களத்தில் நிறுத்திய கார்

வைக்கோல் போர் இருந்தது. கோழிகள் இருந்தன. காரைத்தான் காணவில்லை.

ரத்தினவேல் களத்தை இரண்டு தரம் சுற்றி வந்தான். வைக்கோல் போருக்குப் பின்னால்கூட எட்டிப் பார்த்தான். மாரிஸ் கார் என்ன, ஒளிந்து விளையாடவா போகும்?

மூன்று கை மாறி வந்த வண்டிதான். ஆனாலும் தை மாதம் அதை வாங்கியதிலிருந்து ஸ்ரீரங்கத்தில் நாலு பேர் அவனை டாக்சிக்காரர் என்று மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள். நேற்று மத்தியானம் முசிறியில் சவாரியை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, வழியில் இந்த ஊரில் ஃபேன் பெல்ட் அறுந்துபோயிற்று. பெரியண்ணன் என்கிற விவசாயி, "எங்க களத்துலயே நிறுத்திக்குங்க" என்று இடம் கொடுத்தார். கதவைப் பூட்டிவிட்டு, பஸ் பிடித்துத் திருச்சிக்குப் போய்ப் புது பெல்ட் வாங்கிக்கொண்டு, இன்று காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கினால் இந்தக் கூத்து.

அதுவும் இன்றைக்கா! மத்தியானம் கமலவல்லியைத் திருச்சி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். கையில் பத்து நாள் பெண் குழந்தை. மகள் முதன்முதலாகக் காவிரிப் பாலத்தைத் தாண்டுவது அப்பா காரில்தான் என்று பெண்டாட்டியிடம் சத்தியம் செய்திருந்தான். நேற்று பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, இந்த ஊர் டீக்கடையில் முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டும் இருந்தான்.

பெரியண்ணன் மனைவி வெள்ளையம்மாள் சாணிக் கூடையோடு வந்தாள்.

"என் கார் எங்கங்க?"

"வீரமலை அண்ணன் நேத்து சாயங்காலம் நாலு மாட்டைப் பூட்டி இழுத்துக்கிட்டுப் போயிட்டாருங்க."

"எவன் அந்த வீரமலை? இது உங்க இடம். உங்க வீட்டுக்காரர் சொல்லித்தானே நிறுத்தினேன்? நீங்க தடுக்கலையா?"

"அவரு வருஷா வருஷம் எங்க ஊர்த் தேர் வடத்துல முதல் கை வைக்கிறவருங்க. அவரு சொன்னா ஊரே கேக்கும். அதுவுமில்லாம நேத்து..."

மீதியைக் கேட்க ரத்தினவேல் அங்கே இல்லை. டயர் இழுபட்ட தடம் இரண்டு, ஏர் உழுத மாதிரி மேற்கே போயிருந்தது. அதன் பின்னாலேயே ஓடினான்.

ஊர்க் கோடியில் வாய்க்கால் பாலம். பாலத்தில் புது வேப்பிலைத் தோரணம். அதற்கு அப்பால் பத்தடியில் கார் நின்றது. பக்கத்தில் ஐம்பது வயசுக்காரர் ஒருவர் துண்டை விரித்துப் படுத்திருந்தார்.

"யோவ்! வீரமலைங்கிறது நீதானா?"

அவர் எழுந்து உட்கார்ந்து சிரித்தார். "வந்துட்டீங்களா தம்பி? பெல்ட் கெடைச்சுதா?"

"பெல்ட் இருக்கட்டும். யாரைக் கேட்டுய்யா என் வண்டியை இழுத்தே? நடுரோட்டுலயா நின்னுச்சு? ஒருத்தர் களத்துக்குள்ள, அவர் சம்மதத்தோட நின்ன வண்டி! ஹேண்ட் பிரேக் வேற போட்டிருந்தேன்!"

"அடடே, அதான் மாடு அப்படி முக்குச்சா!"

"சிரிக்காதய்யா! போலீஸ்ல எழுதிக் கொடுக்காம விட மாட்டேன்."

"தாராளமாக் கொடுங்க. முதல்ல பெல்ட்டை மாட்டுங்க. மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போவணுமில்ல?"

இவருக்கு எப்படித் தெரியும்? டீக்கடை மூலையில் பீடி பிடித்துக்கொண்டிருந்த ஆள்! அங்கே கதையைக் கேட்டுவிட்டு, இங்கே வந்து வண்டியை இழுத்திருக்கிறார். ரத்தினவேலுக்குக் கோபம் இரட்டிப்பாயிற்று. முணுமுணுத்துக்கொண்டே பெல்ட்டை மாட்டினான். ஹேண்டில் போட்டுச் சுற்றியதும் வண்டி இரண்டு தும்மல் தும்மிவிட்டு ஓட ஆரம்பித்தது.

"டிரைவர் தம்பி!"

வெள்ளையம்மாள் மூச்சிரைக்க ஓடி வந்தாள். தோரணத்தைத் தாண்டாமல் அந்தப் பக்கமே நின்றுகொண்டாள். அவள் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு.

"சொல்ல வந்ததை முழுசாக் கேக்காம ஓடிட்டீங்களே! நேத்துப் பொழுது சாய மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியாச்சுங்க. அந்த நேரத்துல எல்லைக்குள்ள இருக்கிற ஆளு, மாடு, வண்டி எதுவும் எட்டாம் நாள் தேர் நெலைக்கு வர்ற வரைக்கும் எல்லை தாண்டக் கூடாது. எங்க வீட்டுக்காரரு அதை மறந்துட்டு உங்களுக்கு எடம் கொடுத்துட்டாரு. அண்ணன்தான், ‘அந்தத் தம்பி நாளைக்குப் புள்ளையைக் கூட்டிட்டு வரணும், வண்டி உள்ள மாட்டிக்கும்’னு ஓடி வந்து மாட்டைப் பூட்டினாரு."

எட்டு நாள்! ரத்தினவேலுக்கு வெட்கமாக இருந்தது. கூடவே சிரிப்பும் வந்தது.

"மன்னிச்சுக்குங்கய்யா. வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்."

"காரைக் காணோம்னா பேசத்தானே செய்வாங்க? நானா இருந்தா அடிச்சே இருப்பேன்."

"அப்ப நேத்துலேருந்து இங்கயேவா இருக்கீங்க?"

"மாட்டை மட்டும் வெரட்டி விட்டேன். அதுக பாட்டுக்கு வீடு போய்ச் சேந்துடுச்சு. வண்டியை அனாதையா விட்டுட்டுப் போக மனசு வரலை."

ரத்தினவேல் கை கூப்பினான். "தேரன்னிக்கு நான் கட்டாயம் வர்றேங்க. நீங்க வடத்துல முதல் கை வைக்கிறதை என் கண்ணால பாக்கணும்."

வெள்ளையம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"வாங்க தம்பி, வாங்க" என்று சிரித்தார் வீரமலை. "இந்த வருஷம் நானும் உங்களோட ஓரமா நின்னுதான் பாக்கணும். காப்புக் கட்டினவங்கதான் வடத்தைத் தொடலாம்."

அப்போதுதான் ரத்தினவேல் அவர் கையைப் பார்த்தான். காரை இழுத்த கயிறு உரசிச் சிவந்திருந்த அந்த மணிக்கட்டில் மஞ்சள் கயிறு இல்லை.