அணிலின் மூன்று படகுத் தளங்கள்

கரையில் கட்டிப்போட்ட படகுக்குள் உட்கார்ந்து ஓர் அணில், மூன்று படகுச் சவாரி இணையதளங்களை நடத்திக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றும் மற்ற இரண்டையும் ஆஹா ஓஹோவென்று புகழும்.

கோழி பதறி ஓடி வந்தது. "தம்பி, ஆத்து நடுத்திட்டுல என் குஞ்சுங்க மாட்டிக்கிச்சுங்க! தண்ணி ஏறுது, படகை எடு!"

"நம்ம தளத்தைப் பாத்தீங்களா அக்கா?"

"பாத்துட்டுத்தான் வரேன். ஒண்ணு இன்னொண்ணைப் பாருங்குது, அது மூணாவதைப் பாருங்குது, மூணாவது திரும்ப முதலுக்கே விரட்டுது. தலை சுத்துதுப்பா!"

"சுத்தணும்கா! அப்பத்தான் பார்வையாளர் கூடுவாங்க!" அணில் பூரித்தது.

திட்டிலிருந்து கீச்சொலி கேட்டது. கோழி படகில் தாவி, முடிச்சைக் கொத்தி அவிழ்த்து, துடுப்பைக் காலால் தள்ளியது.

"ஐயோ அக்கா, படகு நகருது!" அலறிய அணில் கோழியின் இறக்கைக்குள் புகுந்துகொண்டது.

குஞ்சுகளை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, அதே இறக்கைக்குள்ளிருந்து அணில் குஞ்சுகளோடு குஞ்சாகத் தலையை நீட்டியது. "அக்கா, இன்னொரு ரவுண்டு!"