பாதி இருளாயி

கட்டடத்தில் எல்லோரும் ஹெல்மெட் மாட்டித்தான் வேலை செய்கிறார்கள் என்று ஆபீசுக்குப் படம் அனுப்பியாக வேண்டும். வந்திருந்த ஹெல்மெட்டுகள் ஆண்களுக்கே பத்தவில்லை. இருளாயியின் புருஷன் சோணைக்கு ஒன்று கிடைத்தது. அவளை ஓரமாகப் போகச் சொல்லிவிட்டார் என்ஜினீயர். வெயிலில் திரை தெரியாததால், தன் மலிவு கேமராவின் மேலிருந்த பொடி ஓட்டையில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார்.

“இன்னும் தள்ளும்மா. இன்னும் கொஞ்சம்... ஆங், மறைஞ்சிட்ட.”

சாந்துச்சட்டியை இறக்காமல் அங்கேயே நின்றாள். படத்தைத் திரும்பப் பார்க்காமலே அனுப்பிவைத்தார்.

மறுநாள் ஆபீசிலிருந்து செமத்தியாக வாங்கிக்கட்டிக்கொண்டார். ஓட்டையில் காட்டியதைவிடக் கூடுதலாகவே கேமரா பிடித்திருந்தது. படத்தின் ஓரத்தில் பாதி இருளாயி, ஹெல்மெட் இல்லாமல், தலையில் சட்டியோடு.

“ஒதுங்குன்னா ஒதுங்கத் தெரியாதா? நாளையிலருந்து வேலைக்கு வராத.”

“நீங்கதான சார் மறைஞ்சிட்டேன்னு சொன்னீங்க?”

“சட்டியத்தான் ஹெல்மெட்டுன்னு நெனச்சிட்டாபோல,” என்றார் மேஸ்திரி. எல்லோரும் சிரித்தார்கள். சோணையும் சிரித்தான்.

இருளாயி சும்மாட்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

“நீ வர்றியா?”

சோணை ஹெல்மெட் வாரைத் தாடைக்குக் கீழே இழுத்து இறுக்கிக்கொண்டான்.