ஒட்டாத எட்டாயிரம்

கறுப்பு அட்டைப் பெட்டி ஒன்று பறந்து வந்து டிசைனரின் கீபோர்டு மேல் விழுந்தது.

"என்னம்மா இது? ஆபீஸ்னு நினைச்சியா, குப்பைத்தொட்டின்னு நினைச்சியா?"

"குப்பைதான் சார். நீங்க போட்ட டிசைன். கீழே இன்னும் எட்டாயிரம் குப்பை கிடக்கு, வந்து பாருங்க."

பெட்டி ஒட்டும் பிரிவின் மேஸ்திரியம்மா. அவள் வாய்க்கு அந்த அச்சகமே பயப்படும். சேர்ந்து இரண்டே மாதமான மனுஷனை மாடிப்படி முழுக்கத் திட்டிக்கொண்டே கீழே கூட்டிப்போனாள்.

மேசை மேசையாகச் சோப்புப் பெட்டிகள். காலையில் ஒட்டியவை அத்தனையும் பக்கவாட்டில் பிளந்துகொண்டு நின்றன. பதினைந்து பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு அவனையே பார்த்தார்கள்.

"பசை சரியில்லைன்னா அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?"

"பசையா?" ஒரு பெட்டியைப் பிரித்து, அதன் ஓர மடிப்பை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். "இதுலதான் பசை தடவணும். இங்கேயும் கறுப்பு மை, அது மேல வார்னிஷ் வேற. கண்ணாடி மாதிரி வழுக்குது. இந்த இடத்தை வெறும் அட்டையா விடணும்னுகூடத் தெரியாதா?"

"வெள்ளை தெரிஞ்சா அசிங்கமா இருக்குமேன்னு..."

"உள்ளே போற மடிப்பை எவன் எட்டிப் பார்க்கப்போறான்? சரி, முதலாளிகிட்டே காட்டின சாம்பிள் மட்டும் எப்படி ஒட்டிச்சு?"

சாம்பிள் அவள் கையில்தான் இருந்தது. ஓரத்தைப் பிய்த்தாள்.

"டேப்பு!" எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திக் காட்டினாள். "ரெண்டு பக்கமும் ஒட்டுற டேப்பு! எட்டாயிரத்துக்கும் நீங்களே வந்து டேப் ஒட்டித் தர்றீங்களா சார்?"

பெண்கள் சிரித்தார்கள். அவனுக்குக் காது சுட்டது. பெரிய மனுஷி, இப்படியா நாலு பேர் முன்னால் மானத்தை வாங்குவது?

சத்தம் கேட்டு முதலாளியே வந்துவிட்டார். பெட்டிகளைப் பார்த்ததும் முகம் சிவந்தது.

"ஆறு மணிக்கு லாரி வருது. யார் பண்ணின வேலை இது? யாரா இருந்தாலும் இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவேன்!"

டிசைனருக்கு இந்த வருஷத்தில் இது மூன்றாவது வேலை. இதுவும் போனால் பெண்டாட்டி முகத்தில் எப்படி முழிப்பது? வாயைத் திறந்தான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"சாம்பிள் நல்லாத்தானே இருந்துச்சு? எங்கே அது?"

மேஸ்திரியம்மாவின் கை சாம்பிளோடு வேலைக் கோட்டின் பைக்குள் போனது. வெறுங்கையாக வெளியே வந்தது.

"பசையில தண்ணி கூடிப்போச்சு முதலாளி. என் தப்புதான்."

"இருபது வருஷமா நீ கிழிச்சது இதுதானா? வேற ஆள் கிடைக்கட்டும், அன்னிக்கு இருக்கு உனக்கு!"

கால் மணி நேரம் கத்தித் தீர்த்துவிட்டுப் போனார். தலைகுனிந்து நின்றவள், அவர் செருப்புச் சத்தம் ஓய்ந்ததும் நிமிர்ந்தாள்.

"அக்கா... நானே சொல்லியிருப்பேன்..."

"சொல்லலையே."

அவன் கண் கலங்கியது. "ரொம்ப நன்றி..."

"நன்றி கின்றின்னே, இந்தப் பசையாலேயே உன் வாயை ஒட்டிடுவேன்! உனக்காகவா பண்ணினேன்?" ஓர் உப்புத்தாளை அவன் கையில் திணித்தாள். "இந்தப் பசை நாத்தத்துல நிக்க வேற எவளும் வரமாட்டா. அதனால முதலாளியால என்னைத் திட்டத்தான் முடியும். உன்னை அனுப்பிடுவார். அப்புறம் புதுசா ஒருத்தன் வருவான், அவனும் மடிப்பு வரைக்கும் மையைப் பூசுவான். மறுபடி இவளுங்க விரல்தான் தேயணும். உனக்கு இப்பத்தான் உறைச்சிருக்கு. உறைச்சவனைத் துரத்திட்டு, உறைக்காதவனுக்கு நான் முதல்லேருந்து கத்தணுமா? உட்காரு. ஐநூறு பெட்டி உன் பங்கு. மடிப்புல வார்னிஷ் போய்ப் பசை பிடிக்கிற வரைக்கும் தேய்!"