ஒரு ஆள் கம்மி

எழுபத்தெட்டாம் வருஷத்தின் கடைசி நாள். ஸ்டேஷனில் போன வருஷம் பிடிபட்ட குற்றவாளிகள் 412. இந்த வருஷம் 411. எண்ணிக்கை குறைந்தால் ஸ்டேஷன் தூங்குகிறது என்று மேலிடம் நினைக்கும்.

"சாயங்காலத்துக்குள்ள ஒருத்தன் வேணும். இல்லேன்னா உனக்கு ஜவ்வாது மலைக்கு மாத்தல்தான்" என்று ஏட்டு மக்பூலை விரட்டினார் இன்ஸ்பெக்டர்.

தேரடி வீதியில் பெரிய பித்தளை அண்டாவை இறக்கி வைத்துவிட்டு ஒருவன் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

"தம்பி, ஒரே ஒரு சின்ன கேஸ் கொடுப்பா. ரோட்டுல சத்தம் போட்டேன்னு எழுதிக்கறேன். ஃபைன் நானே கட்டிடறேன்."

"ஐயோ ஏட்டய்யா! எங்க பரம்பரையிலயே யாரும் ஸ்டேஷன் படி மிதிச்சதில்லீங்க."

"டீ, வடை வாங்கித் தரேன்பா."

"எனக்குப் பொண்ணு பாத்துக்கிட்டிருக்காங்க, கெடுத்துடாதீங்க. கல்யாண வீட்டுல அண்டாவுக்குக் காத்துக்கிட்டிருக்காங்க. கொஞ்சம் கை கொடுங்க."

இப்பேர்ப்பட்ட யோக்கியனை எப்படி வற்புறுத்துவது? ஏட்டே அண்டாவை அவன் தலையில் ஏற்றிவிட்டு, வெறுங்கையோடு திரும்பினார்.

ஸ்டேஷனில் பாத்திரக்கடை நேமிநாதன் குதித்துக்கொண்டிருந்தார்.

"பட்டப்பகல்ல கடை அண்டாவைத் தூக்கிட்டுப் போயிட்டான் சார்! தேரடி வீதியில ஒரு போலீஸ்காரரே கை கொடுத்து ஏத்திவிட்டாராம்!"

இன்ஸ்பெக்டர் ஏட்டை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு நிதானமாகப் பேனாவைத் திறந்தார்.

"நானூத்திப் பன்னெண்டாவது ஆள் கிடைச்சுட்டான். சொல்லுய்யா, உன் அப்பா பேர் என்ன?"